பாலாவியில் ஒரு போத்தல் சிசிலி வைன்

வைன் போத்தல்களின் பின்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கும் குறிப்புகளை வாசிப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். செர்ரி, ராஸ்பெரி, பிளம் என்று ஒரு பழக்கடையே அங்கு விரிந்து கிடக்கும். சில வேளைகளில் பதனிட்ட தோலும் புகையிலையும் மழையில் நனைந்த மண்ணும்கூட வந்து சேரும். எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுடைய தோட்டத்தில் காய்ப்பவற்றைக் கொண்டு அவர்கள் தங்கள் நாக்குக்கு விளக்கம் சொல்கிறார்கள். ஆனால் எங்களில் பலருக்குச் செர்ரி என்பது கேக்கின் மேல் சீனிப்பாகில் ஊறிக் குந்தியிருக்கும் ஒரு சிவப்பு உருண்டை மாத்திரமே. ராஸ்பெரியைக் காணாமலே எங்கள் பாட்டன்மார் வாழ்ந்து முடித்தார்கள். அப்படியிருந்தும், கையில் நீண்ட தண்டுள்ள கிண்ணம் ஒன்று வந்துவிட்டால், எங்கள் ஆட்களும் கண்ணை மூடிக்கொண்டு "செர்ரி வாசம்" என்று சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். இரவல் நகை அணிந்து கலியாண வீட்டுக்குப் போவது எங்களுக்குப் புதிதல்ல. இரவல் நாக்கோடு பந்தியில் அமர்வதுதான் புதிது.

இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது இரண்டு விடயங்கள். அன்னிய நாட்டு மதுவையும் சொந்த மொழியில் சுவைக்க முடியும் என்பது ஒன்று. அவ்வாறு சுவைக்கத் தொடங்குபவர், தன் ஊர் மதுவைப் பற்றியும் அதை இறக்குபவரைப் பற்றியும் சில சங்கடமான கேள்விகளைக் கேட்டே ஆகவேண்டிவரும் என்பது மற்றையது. இரண்டையும் என்னை யோசிக்க வைத்தது பாலாவியில் திறக்கப்பட்ட ஒரு போத்தல் இத்தாலியச் சிவப்பு வைன்.

பாலாவி என்றவுடன் சைவ அன்பர்களுக்குத் திருக்கேதீச்சரத்துத் தீர்த்தம் நினைவுக்கு வரும். தேவாரத்தில் இடம்பெற்ற அந்தப் பாலாவி மன்னார் மாவட்டத்தில் இருக்கிறது. நான் குறிப்பிடுவது புத்தளம் மாவட்டத்துப் பாலாவியை. கொழும்பிலிருந்து புத்தளம் செல்லும் நெடுஞ்சாலையில், நகரத்தைத் தொடுவதற்குச் சில கிலோமீற்றர் முன்னால், கற்பிட்டிக்கான வீதி மேற்கே பிரிகின்ற சந்தி அது. உப்பளங்களும், சீமெந்துத் தொழிற்சாலையும், சிறிய புகையிரத நிலையமும், விமானப்படையின் ஓடுபாதையும், தென்னையும் பனையும் கலந்து நிற்கும் மணற்காணிகளுமே அவ்வூரின் அடையாளங்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் மிகப் பலர் இந்தப் பக்கத்தில்தான் வந்து தங்கினார்கள். தற்காலிகம் என்று போட்ட கொட்டில்கள் கல்வீடுகளாகிவிட்டன. அக்குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று பாலாவியே ஊர்.

இப்படியொரு இடத்துக்கு இத்தாலிய வைன் எப்படி வந்தது என்று வியப்பவர்கள், புத்தளம் மாவட்டக் கரையோரத்துக்கும் இத்தாலிக்கும் உள்ள உறவை அறியாதவர்களாக இருப்பார்கள். இதே நெடுஞ்சாலையில் தெற்கே உள்ள வென்னப்புவையைச் 'சின்ன இத்தாலி' என்று சிங்களவர்களே வேடிக்கையாக அழைப்பதுண்டு. கத்தோலிக்கத் திருச்சபையின் தொடர்புகள் வழியாக எழுபதுகளில் வீட்டுப் பணிக்கெனத் தொடங்கிய பயணம், எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கடல்வழிப் பயணமாகவும் பெருகியது. 1990இலும் 2002இலும் இத்தாலிய அரசு ஆவணமற்ற குடியேறிகளுக்கு வழங்கிய பொதுமன்னிப்புகள் அவர்களில் பலரை அங்கே நிலைபெறச் செய்தன. மிலானிலும் நாப்பொலியிலும் வெரோனாவிலும் முதியோரைப் பராமரித்தும் வீடு துடைத்தும் உழைத்த பணம், இந்தக் கரையில் மாடி வீடுகளாக எழுந்து நிற்கிறது.

தமிழர்களுக்கும் இத்தாலியில் ஒரு பட்டினம் உண்டு. சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவே அது. யாழ்ப்பாணத்திலிருந்து போன குடும்பங்கள் அங்கு பெருந்தொகையாக வாழ்கின்றன. நகரின் காவற்புனிதை றொசாலியாவின் குகைக்கோவில் பெல்லெக்ரினோ மலையில் இருக்கிறது. 1624ஆம் ஆண்டுக் கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்தவர் என்று போற்றப்படும் அப்புனிதையிடம் கத்தோலிக்கத் தமிழர் மாத்திரமன்றி இந்துத் தமிழரும் மலையேறி நேர்த்திவைக்கிறார்கள் என்பது பலெர்மோ நகரத்தவர் நன்கறிந்த செய்தி. பாலாவியில் எனக்கு விருந்தளித்த ஓய்வுபெற்ற ஆசிரியரின் மகன் அந்த நகரில்தான் இருக்கிறார். விடுமுறையில் வந்தவர் தகப்பனாருக்குக் கொண்டுவந்து கொடுத்த போத்தல், சில மாதங்கள் அலுமாரியில் படுத்திருந்துவிட்டு, நான் போன அன்று வெளியே வந்தது.

போத்தலில் இருந்தது 'செரசுவோலோ தி வித்தோரியா' என்னும் வைன். சிசிலியின் தென்கிழக்கில் வித்தோரியா என்று ஒரு நகரம். 1607இல் வித்தோரியா கொலொன்னா என்னும் பிரபுகுலப் பெண்மணி அதை நிறுவினார். முதலில் குடியேறிய 75 பேருக்கு ஒரு ஹெக்டேயர் நிலத்தை இலவசமாகத் தந்து, இன்னொரு ஹெக்டேயரில் திராட்சை நடவேண்டும் என்று அவர் நிபந்தனை விதித்ததாகச் சொல்லப்படுகிறது. ஊரும் திராட்சையும் ஒரே நாளில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளலாம். 'செரசா' என்றால் அவ்வூர் வழக்கில் செர்ரிப் பழம். வைனின் நிறத்தைக் குறித்து வந்த பெயர் அது.

இந்த வைன் இரண்டு உள்ளூர்த் திராட்சை இனங்களின் கலவை. ஒன்று 'நேரோ தாவோலா'. அவோலா என்ற ஊரின் கறுப்புத் திராட்சை என்று பொருள். நிறமும் உடற்கட்டும் துவர்ப்பும் இதிலிருந்து வருகின்றன. மற்றையது 'ஃப்ரப்பாத்தோ'. வெளிறிய சிவப்பும், மெல்லிய உடலும், மலர் போன்ற வாசமும் கொண்டது. கலவை எந்த அளவில் இருக்கவேண்டும் என்பதைச் செய்பவரின் விருப்பத்துக்கு விட்டுவிடவில்லை. நேரோ தாவோலா 50 முதல் 70 வீதம், ஃப்ரப்பாத்தோ 30 முதல் 50 வீதம் என்று சட்டமே வகுத்திருக்கிறது. மதுசாரம் 13 வீதத்துக்குக் குறையலாகாது. திராட்சை எந்த எல்லைக்குள் விளைந்திருக்கவேண்டும் என்பதும் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. 1973இல் இடப்பெயர்ப் பாதுகாப்புப் பெற்ற இந்த வைன், 2005இல் இத்தாலியின் மிக உயர்ந்த தரமாகிய டி.ஓ.சி.ஜி. நிலைக்கு உயர்த்தப்பட்டது. சிசிலித் தீவில் அந்நிலையை முதலில் எட்டியது இதுவே.

சிவப்பு வைனை 'அறை வெப்பநிலையில்' பரிமாறவேண்டும் என்ற வாசகம் எங்கள் நாட்டில் பலரை ஏமாற்றியிருக்கிறது. அந்த அறை ஐரோப்பியக் கல்வீட்டின் பழைய அறை. 16, 17 பாகைக்கு மேல் போகாதது. பாலாவியின் அறையோ பின்னேரத்திலும் 30 பாகையில் கொதிக்கும். அந்தச் சூட்டில் எந்தச் சிவப்பு வைனும் மருந்துக்கடை மணம் வீசும். ஆகவே போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் அரைமணி நேரம் வைத்து எடுத்தோம். கிண்ணங்கள் இல்லை. தேநீர் குடிக்கும் கண்ணாடிக் குவளைகளில் ஊற்றினோம்.

நிறம் செர்ரி என்பதை நான் அவர்களின் சொல்லுக்கே விட்டுவிடுகிறேன். எனக்குத் தெரிந்தது, பழுத்த வீரைப் பழத்தை வெயிலுக்கு எதிரே பிடித்தால் தெரியும் சிவப்பு. வாசத்தில் முதலில் வந்தது ரோசாப்பூ. அதன் பின்னால், பள்ளிக்கூட வளவுகளில் நிற்கும் ஜாம்பழ மரத்தின் பழத்தை நசுக்கினால் எழும் இனிய மணம். வாயில் வைத்தபோது இனிப்பு இல்லை. பழத்தின் வாசம் இருக்க, பழத்தின் இனிப்பு இல்லாமை ஒரு சிறு ஏமாற்றத்தைத் தரும். திராட்சைச் சீனி முழுவதும் நொதித்து மதுசாரமாகிவிட்டதன் அறிகுறி அது. பிறகு நாக்கின் ஓரங்களில் ஒரு சுத்தமான புளிப்பு ஊறியது. பழப்புளியின் கனத்த புளிப்பு அன்று. எலுமிச்சையின் கூரான புளிப்பும் அன்று. அரைப்பழமான கொடுக்காய்ப்புளியும் மாதுளை முத்தும் சேர்ந்தாற்போன்ற ஒரு புளிப்பு. விழுங்கிய பின்னர்தான் முக்கியமானது வந்தது. கன்னத்தின் உட்புறமும் பல்லின் முரசும் மெல்ல இறுகின.

ஆசிரியர் குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, இது நாவல்பழம் திண்டு முடிஞ்ச நாக்கு மாதிரிக் கிடக்கு."

எத்தனையோ வைன் நூல்கள் பக்கம் பக்கமாகச் சொல்லத் தவித்ததை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டார். அந்த உணர்வுக்கு எங்கள் மொழியில் பெயர் உண்டு. துவர்ப்பு. திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள தனின் என்னும் பொருள், எச்சிலிலுள்ள புரதங்களோடு பிணைந்து நாக்கின் வழுவழுப்பை நீக்கிவிடுவதால் ஏற்படுவது அது. மேலைநாட்டு அறிவியல் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு, உமாமி என ஐந்தை மாத்திரம் சுவைகளாக ஏற்றுக்கொண்டு, துவர்ப்பைத் தொடுவுணர்வு என்று வெளியே நிறுத்தியிருக்கிறது. அறிவியல் முறைப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் உண்பவனின் முறைப்படி எங்கள் முன்னோர் அறுசுவையில் அதற்கு இடம் கொடுத்தார்கள். பாக்கு, வாழைப்பூ, கடுக்காய், நாவல், மாதுளைத் தோல் என்று துவர்ப்பின் வகைகளைப் பிரித்தறியும் பயிற்சி தமிழனின் நாக்குக்குச் சிறுவயதிலேயே கிடைத்துவிடுகிறது. சிவப்பு வைன் என்பது பெரும்பாலும் துவர்ப்பைப் பற்றிய கலை. அந்தக் கலையில் எழுத்தறிவிக்கத் தேவையில்லாத ஒரு சமூகம், செர்ரியைத் தேடிக்கொண்டு நிற்பது வீண் வேலை.

சாப்பாட்டோடு சேர்த்தும் பார்த்தோம். புத்தளம் களப்பு நண்டை நல்ல உறைப்பாகச் சமைத்திருந்தார்கள். அதனோடு வைன் ஒத்துப்போகவில்லை. மிளகாயின் எரிவை மதுசாரம் விசிறிவிடும். துவர்ப்பு அதற்கு மேலும் முறுக்கேற்றும். ஆனால் உப்பும் மஞ்சளும் மாத்திரம் தடவிப் பொரித்த மீனோடு அதே வைன் மிக இணக்கமாக இருந்தது. மீனுக்கு வெள்ளை, இறைச்சிக்குச் சிவப்பு என்ற பாடப்புத்தக விதியை, இந்த மெல்லிய சிவப்பு அன்று பொருட்படுத்தவில்லை.

பெயர்களைப் பற்றிப் பேசுகையில் இன்னொன்று. யாழ்ப்பாணத்தில் திராட்சையை முந்திரிகை என்பார்கள். தமிழ்நாட்டு நண்பர்கள் முந்திரி என்பதை நாங்கள் மரமுந்திரிகை என்போம். விவிலியத்தில் திராட்சை இரசம் என்று வருவதைக் கடையில் வைன் என்றும் தமிழ்நாட்டில் ஒயின் என்றும் சொல்கிறோம். சொல்தான் புதிது, பொருள் பழையது. புறநானூற்றின் 56ஆம் பாடல், யவனர் கொண்டுவந்த நறுமணத் தேறலைப் பொற்கலத்தில் பருகுமாறு பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறது. புதுச்சேரிக்கு அருகேயுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மோர்ட்டிமர் வீலர் நடத்திய அகழ்வில் மதுச்சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. அங்கு கிடைத்த சாடிகளில் இத்தாலியின் கம்பானியாவிலிருந்து வந்தவையும் உண்டு என்று பின்வந்த ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆகவே இத்தாலிய மது தமிழ் நாக்குக்கு அறிமுகமாகி ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. பலெர்மோ மகன் அந்த வணிகத்தின் கடைசிப் பயணி.

அன்று எங்களோடு அமர்ந்திருந்தவர் அயல்வீட்டு முஸ்லிம் பெரியவர். யாழ்ப்பாணத்திலிருந்து 1990இல் வெளியேறி வந்தவர். மார்க்கம் விலக்கியதை அவர் தொடவில்லை. எவரும் வற்புறுத்தவுமில்லை. இஞ்சி போட்ட பிளேன்ரீயோடு, நாங்கள் வாசம் பிடிப்பதையும் கொப்பளிப்பதையும் ஒரு புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தார். வித்தோரியாவின் கதையையும் சட்டத்தின் வீதக்கணக்கையும் நான் சொல்லி முடித்தபோது அவர் ஒன்று கேட்டார்:

"எல்லாம் சரி. இதைச் செய்யிற ஆளை அந்த ஊரில எப்படி மதிப்பாங்க?"

குடிக்காத ஒருவரிடமிருந்து வந்த அந்தக் கேள்வியைத்தான் குடித்துக்கொண்டிருந்த நாங்கள் கேட்டிருக்கவேண்டும்.

அதற்கான பதில் இரண்டு பக்கம் கொண்டது. முதலாவது பக்கம் பெருமைக்குரியது. நேரோ தாவோலா நெடுங்காலம் பெயரற்ற திராட்சையாகவே இருந்தது. வட இத்தாலியிலும் பிரான்சிலும் நிறமும் வலுவும் குறைந்த வைன்களோடு கலப்பதற்காக, சிசிலியின் வைன் பீப்பாய் பீப்பாயாகக் கப்பலேறியது. கலந்த பிறகு விற்றது மற்றவனுடைய பெயரில். சிசிலி விவசாயிக்குக் கிடைத்தது கூலிக்குச் சற்றே மேற்பட்ட விலை. 1963இல் இத்தாலி வைன்களுக்கான இடப்பெயர்ச் சட்டத்தைக் கொண்டுவந்ததும், 1980இல் வித்தோரியாவைச் சேர்ந்த மூன்று இளம் நண்பர்கள் தங்கள் குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'கோஸ்' என்ற சிறு வைன்சாலையைத் தொடங்கியதும், அவர்களைப் போன்ற வேறு பலர் சொந்த ஊர்ப்பெயரில் போத்தலடைக்கத் துணிந்ததுமே நிலைமையை மாற்றின. திராட்சை மாறவில்லை. அதே திராட்சைக்கு முகவரி கிடைத்தது.

இடையில் ஒரு பேரிடியும் விழுந்தது. 1986இல் வட இத்தாலியில் மலிவு வைனில் மெதனோல் கலக்கப்பட்டு இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் பார்வையை இழந்தார்கள். இத்தாலிய வைனின் ஏற்றுமதி சரிந்தது. அப்போது அந்த நாடு வைனைத் தடைசெய்யவில்லை. பரிசோதனையை இறுக்கியது. மலிவை விட்டுத் தரத்தின் பக்கம் திரும்பியது. இதை மனதில் இருத்திக்கொள்ளுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது பக்கம் பெருமைக்குரியதல்ல. போத்தலின் சீட்டில் திராட்சையின் வீதம் இருக்கிறது. பழம் பறித்தவரின் கூலி இல்லை. இத்தாலியின் தோட்டங்களில் குடியேறிகளைத் தரகர் மூலம் அற்பக் கூலிக்கு வேலை வாங்கும் 'கப்போரலாத்தோ' என்னும் கொடுமைக்கு எதிராக 2016இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டிவந்தது. அதன் பின்னரும், 2024 ஜூனில் றோமுக்குத் தெற்கே லத்தீனாவில், பண்ணை இயந்திரத்தில் கை துண்டிக்கப்பட்ட இந்தியத் தொழிலாளி ஒருவர், மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்படாமல் வீட்டு வாசலில் இறக்கிவிடப்பட்டுப் பின்னர் உயிரிழந்தார். இத்தாலியை உதாரணம் காட்டும் எவரும் இதையும் சேர்த்தே காட்டவேண்டும். பொருளுக்குக் கிடைத்த மதிப்பு, உழைப்பவருக்குத் தானாகவே வந்து சேர்ந்துவிடுவதில்லை.

இனி எங்கள் பக்கத்துக்கு வருவோம். பாலாவியில் நாங்கள் அமர்ந்திருந்த வளவிலிருந்தே பனை தெரிந்தது. புத்தளம், குருநாகல், கம்பஹா மாவட்டங்கள் சேர்ந்த தென்னை முக்கோணத்துக்குள்தான் அந்த வளவு இருந்தது. தென்னங்கள்ளும் பனங்கள்ளும் சந்திக்கும் எல்லை அது. வைனைப் பற்றி நாங்கள் பேசிய அத்தனையும் கள்ளுக்கும் பொருந்தும். மரத்தின் இனம், மண், பாளையின் பருவம், காலைக் கள்ளா மாலைக் கள்ளா, முட்டி புதியதா பழையதா, சீவும் கையின் பக்குவம் என்று சுவையைத் தீர்மானிக்கும் காரணங்கள் ஒரு டசினுக்குக் குறையாது. பாளையிலிருந்து முட்டிக்குள் விழும்போதே காற்றிலுள்ள நொதிகள் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. சில மணி நேரத்தில் நாலைந்து வீத மதுசாரம். ஒரு நாள் கடந்தால் புளித்து வினாகிரியின் பக்கம் சாயும். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் அதே நீர் நொதிக்காமல் கருப்பநீராக நின்றுவிடும். வைன் காலத்தோடு சேர்ந்து வளரும் மது. கள் காலத்தோடு ஓட்டப்பந்தயம் ஓடும் மது. இரண்டில் எது கடினமான கலை என்பதை மரமேறத் தெரிந்தவர் சொல்லட்டும்.

ஆனால் கள்ளுக்கு முகவரி இல்லை. தவறணைக்குப் போய், இது எந்த ஊர்க் கள், யார் சீவியது என்று கேட்டால் விசித்திரமாகப் பார்ப்பார்கள். முகவரி இல்லாத பொருளில் கலப்படம் செய்வது எளிது. சீனியையும் நொதியையும் இரசாயனங்களையும் கலந்து செய்த செயற்கைக் கள்ளை மதுவரித் திணைக்களத்தினர் கைப்பற்றிய செய்திகளை, எனது செய்தியாசிரியர் காலத்தில் எத்தனை தடவை பக்கத்தில் வைத்தேன் என்பதற்குக் கணக்கில்லை. சாராயத்தின் கதையும் வேறல்ல. தென்னங்கள்ளை வடித்து எடுப்பதே சாராயம் என்று ஊர் நம்பிக்கொண்டிருக்க, கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து எடுத்த மதுசாரம் கலந்தவையும் அதே பெயரில் விற்பனையாகின்றன. நேரோ தாவோலாவின் பழைய தலைவிதி இது. மற்றவனுடைய பெயருக்குள் கரைந்து போதல்.

தமிழ்நாட்டில் நிலைமை இன்னும் விசித்திரம். அங்கு 1987 முதல் கள் இறக்குவது குற்றம். 2003 முதல் அரசு நிறுவனமான டாஸ்மாக்கே மதுக்கடைகளை நடத்திவருகிறது. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கும் கம்பம் பன்னீர்த் திராட்சைக்கும் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் ஒரே பனையில் ஒரே பாளையில் வடியும் நீரைக் காய்ச்சினால் அரசின் பாராட்டு. சில மணிநேரம் பொறுத்தால் அரசின் வழக்கு. இதற்கிடையே 2023 மே மாதத்தில் மரக்காணத்திலும் செங்கல்பட்டிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் மெதனோல் கலந்த விஷச்சாராயம் மனிதர்களைக் காவுகொண்டது. கள்ளக்குறிச்சியில் மாத்திரம் அறுபதுக்கு மேற்பட்டோர். 1986இல் இத்தாலி எடுத்த பாடத்தை நான் நினைவில் இருத்தச் சொன்னது இதற்காகத்தான். மரத்தில் இறங்குவதைத் தடுத்துவிட்டால் குடி நின்றுவிடுவதில்லை. அது கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விடுகிறது.

இலங்கையில் கள் அனுமதி பெற்ற தொழில். 1978இல் பனை அபிவிருத்திச் சபை உருவானது. வடக்கில் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் சீவல் தொழிலாளர்களை ஒன்றுசேர்த்தன. திக்கம் வடிசாலை அக்கூட்டுறவின் பிள்ளை. தனிப்பட்டவர்களின் கையிலிருந்த தொழிலுக்கு இவை ஓரளவு பாதுகாப்புக் கொடுத்தன என்பதை மறுக்கக்கூடாது. எனினும், பெரியவரின் கேள்வி அப்படியே நிற்கிறது. எப்படி மதிப்பார்கள்?

மதிக்கவில்லை என்பதே உண்மை. அதற்குக் காரணம் மதுவிலக்குக் கொள்கை அல்ல, சாதி. விஸ்கிப் போத்தலை வரவேற்பறை அலுமாரியில் வைக்கும் வீட்டில் கள்ளு முட்டி பின்வளவால் வரும். அதைக் கொண்டு வருபவரும் பின்வளவால்தான் வருவார். அவருடைய மகன் மரமேறாததற்கு உயரத்தின் மீதுள்ள பயம் மாத்திரம் காரணமில்லை. மரத்திலிருந்து விழுந்தால் முதுகெலும்புதான் முறியும். தொழிற்பெயரைச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் அழைத்தால் வேறு ஏதோ முறியும். இத்தாலிக்குப் போய் அன்னிய முதியவரைக் குளிப்பாட்டும் வேலை எவருக்கும் இழிவாகத் தெரியவில்லை. ஊரில் பாளை சீவுவது இழிவாகத் தெரிகிறது. இந்தக் கணக்கை எந்தச் சட்டம் தீர்க்கும்?

இதற்கு வரக்கூடிய மறுப்புகளை நான் அறியாதவனல்ல. மதுசாரத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகக் கூறியிருக்கிறது. அது வைனுக்கும் கள்ளுக்கும் பொது. குடியினால் சிதைந்த வீடுகளைப் பற்றி எழுதியே என் பேனாவில் பாதி மை தீர்ந்தது. ஆகவே எவரையும் குடிக்கச் சொல்ல நான் இதை எழுதவில்லை. குடிக்காதவரின் முடிவு மதிக்கப்படவேண்டியது. அன்று மேசையில் மிகச் சிறந்த கேள்வியைக் கேட்டவரும் அவர்தான். நான் சொல்வது இது: ஒரு சமூகம் ஒரு மதுவை அனுமதிக்கிறது என்றால், அதை வெட்கத்தோடு அனுமதிக்கக்கூடாது. வெட்கம் குடியைக் குறைப்பதில்லை. தரத்தையும் கூலியையும்தான் குறைக்கிறது.

செய்யவேண்டியது பெரிய புரட்சி எதுவும் அல்ல. இலங்கைக் கறுவாவுக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டைப் பெற்றுக்கொடுக்க இந்த நாட்டு நிர்வாகத்தால் முடிந்தது. எந்த ஊரில் விளைந்தது, எப்படி உரிக்கப்பட்டது என்று எழுதிவைக்கத் தெரிந்தவர்களுக்குப் பனங்கள்ளையும் தென்னஞ்சாராயத்தையும் அவ்வாறு எழுதிவைப்பது கடினமல்ல. மரம் எது, பிரதேசம் எது, இறக்கிய நாள் எது, வேறெதுவும் கலக்கப்படவில்லை என்ற நான்கு வரிகள் போதும். கள் நெடுந்தூரம் பயணிக்காது. ஆகவே அந்த நான்கு வரிகள் போத்தலில் இருப்பதைவிடத் தவறணைச் சுவரில் இருப்பது அவசியம். ஐந்தாவதாக ஒரு வரியையும் நான் கேட்பேன். இத்தாலியர் எழுத மறந்த வரி அது. சீவியவருக்குக் கிடைத்த விலை என்ன, மரத்திலிருந்து விழுந்தால் அவர் குடும்பத்துக்கான காப்புறுதி என்ன என்பதே அந்த வரி.

செரசுவோலோ நல்ல வைன். பலெர்மோவில் இருப்பவர்கள் வாங்கிச் சுவைத்துப் பார்க்கலாம். சுவைப்பவர்கள் தயவுசெய்து செர்ரியைத் தேடவேண்டாம். நாவலையும் மாதுளையையும் தேடுங்கள். உங்கள் நாக்குக்கு அவை தெரியும். பின்னர் ஊருக்கு வரும்போது, அதே நாக்கோடு, அதே மரியாதையோடு, ஒரு பிளாக் கள்ளின் முன்னால் அமர்ந்து, இதை இறக்கியவர் யார் என்று அவருடைய பெயரைக் கேளுங்கள்.